பம்புக்கு டீசல்தான் எண்ண

சுத்தியலா? சுத்தியலால தட்டினா எளகும் எண்டு சொன்ன அந்தக் கராஜ் பாஸ் யாரு ஐயா? வண்ணாத்திவில்லுலயா? சரி, பேர் வாணாம். பேரச் சொன்னீங்கெண்டா, அவர எங்கயாவது காணக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்திரும். இந்தா பாருங்க, மூடியில மூணு அடி விழுந்திரிக்கி. இது பம்ப் ஐயா, தேங்கா இல்ல உடைச்சிப் பார்க்க.

இரிங்க. அந்தக் கதிரையில வாணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இந்தப் பெட்டியில இரிங்க. பிளேன்டீ ஊத்தி வெச்சிரிக்கன், சீனிதான் கொறவு. பொம்பள இல்லாத ஊடு, எது எங்க இரிக்கி எண்டு எனக்கே தெரியா. உம்மு குல்சூம் மௌத்தாகி இந்த வருசத்தோட ஏழு. ஓம், எங்கட ஸுஹைப் களவாப் போட்ல வெளிநாட்டுக்குப் போறதுக்கு நாலு வருசத்துக்கு முந்தி. அவ இரிந்திரிந்தா மகன் போயிரிக்க மாட்டான். உம்மாட சொல்லுக்கு அடங்கினவன். என்ட சொல்லுக்குத்தான்... அத விடுங்க.

கார் ஓடும் ஐயா. அதத்தானே கேட்க வந்த? ஓடும். நாளைக்கி விடிய சுபஹோட வெளிக்கிட்டு நீர்கொழும்புக்குப் போகணும், போட்டோ அனுப்பின அந்த ஆளக் காணணும், மகன் யதுர்சன் எந்த நாட்டு ஜெயில்ல இரிக்கான் எண்டு அவன்ட வாயால கேட்கணும். முந்தாநாள் லொறியில காரக் கொண்டு வந்து எறக்கினதுல இருந்து இதத்தானே சொல்றீங்க. எனக்கு மறக்குமா? பஸ்ஸுல போனா என்ன எண்டு கேட்கத்தான் நெனச்சன். அக்காவுக்குக் கால் ஏலா எண்டீங்க, பொறகு நான் கேட்கல்ல. மகன்ட செய்தி கேட்கப் போறதெண்டா மகன்ட கார்லதான் போகணும் எண்டு இராஜேஸ்வரி அக்கா நிக்கிறாங்களாம். சரி. பெத்தவ சொன்னா நாங்க என்ன சொல்ற.

ஒங்கட பிழை எண்டு நான் சொல்லல்ல. ஆக்கள் காரப் பூட்டி வெச்சா அதுக்குக் காவல் எண்டு நெனக்கிறாங்க. மூணு வருசமா தகரத்துக்குக் கீழ தள்ளி வெச்சி, மேல சீலயும் போட்டு மூடியிரிக்கிறீங்க. பின் சீட்டுல கோழி அடை கெடந்திரிக்கி, கண்டீங்களா? ரெண்டு முட்ட ஓடு எடுத்தன். கோழிக்கி மட்டும்தான் அந்தக் கார் பிரயோசனப்பட்டிரிக்கி.

விசயம் என்ன எண்டா ஐயா, லொறிகள்ல இரிக்கிற பழைய பம்ப் வேற ஜாதி. அதுக்குத் தனியா எஞ்சின் ஒயில் ஊத்துவம். டீசல் இரிந்தாலும் இல்லாட்டியும் அது தன்ட எண்ணயில கெடக்கும். ஒங்கட கொரல்லாக் கார்ல இரிக்கிறது ரோட்டரி பம்ப். இதுக்கு வேற எண்ண கெடையா. டீசல்தான் எண்ண. அது குடிக்கிறதும் டீசல், உடம்புல பூசிக்கொள்றதும் டீசல். உள்ளுக்குப் பிளஞ்சர் எண்டு ஒரு இரும்புத் துண்டு இரிக்கி, வெரல் மொத்தம். சுத்திக்கொண்டே முன்னுக்கும் பின்னுக்கும் அடிச்சிக்கொண்டு போகும். அதுக்கும் அது ஓடுற துளைக்கும் நடுவுல ஒரு தலமுடி போகா. அந்த எடத்துல டீசல் மெல்லிசா ஒரு படை புடிச்சி நிக்கும். அந்தப் படைதான் உசிரு. அது காஞ்சா இரும்பும் இரும்பும் ஒண்ட ஒண்டு தின்னத் தொடங்கிரும்.

இதெல்லாம் நான் ஒருத்தர்ட்டயும் படிச்சதில்ல. மொத மொதல்ல கழட்டக்குள்ள சீமெந்துப் பேக்குத் தாள விரிச்சி, ஒவ்வொரு துண்டையும் அதுக்கு மேல வெச்சி, சுத்திவரப் பென்சிலால கீறி வெச்சன். மூணு தரம் பூட்டினன், மூணு தரமும் ஒரு துண்டு மிச்சம். நாலாந் தரந்தான் சரி வந்திச்சி.

டீசல் இல்லாத அந்த வருசம் ஒங்களுக்கு ஞாபகம் இரிக்கும். எண்ண செட்டுக்கு முன்னால ரெண்டு நாள், மூணு நாள் கியூ. எங்கட ஆக்கள் என்ன செஞ்சாங்க? கடல்ல போட் எஞ்சினுக்கு மண்ணெண்ணயில டூ-டீ ஒயில் கலக்கிற பழக்கம். அதே கலவய காருக்கும் ஊத்தினாங்க. போட்டுக்குச் சரி எண்டா காருக்கும் சரிதானே எண்டு. மண்ணெண்ண காஞ்ச எண்ண ஐயா, அதுல வழுக்கு இல்ல. டூ-டீய அளந்து கூடப் போட்டாக் கொஞ்ச நாள் தாங்கும். போட் கணக்குக்குப் போட்டாத் தாங்கா. அந்த வருசம் மட்டும் நாப்பது பம்ப் கழட்டினன். எல்லாத்துலயும் ஒரே கீறல்.

ஒங்கட மகன் அப்பிடி இல்ல. அவன் வண்ணாத்திவில்லுல இருந்து இவ்வளவு தூரம் என்னட்ட வருவான். கெழவிக்கு எண்ண தேச்சு விடுங்க பாஸ் எண்டு சத்தம் போட்டுக்கொண்டேதான் கேட்டுக்குள்ள வருவான். காருக்கு அவன் வெச்ச பேரு கெழவி. ஒங்களுக்குத் தெரியாதா? அக்காவுக்குத் தெரிஞ்சிரிக்கும். ரெண்டு பேரும், அவனும் ஸுஹைப்பும், இந்தப் பலகையில இரிந்துகொண்டு பகல் பகலா கதைப்பாங்க. என்ன கதைச்சாங்க எண்டு எனக்குப் பொறகுதான் வெளங்கிச்சி.

ஆனா டீசல் கெடைக்காம, கடைசியா அவனும் ஊத்திட்டுப் போனது மண்ணெண்ணதான். டேங்க் அர வயிறு. அர வயித்து டேங்க்ல காத்து நிக்கும். எங்கட பக்கத்துக் காத்துல உப்பும் ஈரமும், நான் சொல்லத் தேவையில்ல. அது வேர்த்து, தண்ணியா அடியில எறங்கி, பம்புக்குள்ள போய்க் குந்தியிரிக்கி. மூணு வருசம். கழட்டி, டீசலும் டூ-டீயும் கலந்து, ஒரு நாள் முழுக்க ஊறப் போட்டன். நேத்துப் பகல் லுஹருக்குப் பொறகு கையால சுத்திப் பார்த்தன், வரல்ல. பலவந்தம் பண்ணல்ல. பலவந்தம் பண்ணினா ஒடஞ்சிரும். பின்னேரம் அஸருக்குப் பொறகு ஒரு நூல் அளவு அசஞ்சிச்சி. பொறகு இன்னொரு நூல். இண்டைக்கி காலயில எஞ்சின் புடிச்சிட்டு. நீங்க பஸ்ஸுல இரிக்கக்குள்ள இது இங்க ஓடிக்கொண்டு நிண்டிச்சி.

இனிமே நான் சொல்றதக் கேளுங்க. கெழமைக்கி ஒருக்காவாவது ஸ்டார்ட் பண்ணி, அர மணித்தியாலம் ஓடவிடுங்க. டேங்க நெறச்சி வைங்க. பில்டருக்குக் கீழ இந்தத் திருகாணி தெரியிதா, மாசத்துக்கு ஒருக்கா அதத் தொறந்து தண்ணிய எடுங்க. எண்ண முடிஞ்சி நிக்கிற வரைக்கும் ஓடாதீங்க. இப்ப வாற டீசலும் வழுக்குக் கொறவு, நெறச்ச டேங்குக்கு ஒரு கிளாஸ் டூ-டீ ஊத்துங்க. யாராவது தேங்கா எண்ண ஊத்தச் சொன்னா ஊத்தாதீங்க. தை மாசம் விடியக்காலயில ஊட்டுப் போத்தல்ல எண்ண ஒறஞ்சி நிக்கும் பாருங்க, அதே மாதிரி பில்டருக்குள்ளயும் ஒறஞ்சிரும்.

நானா? நானும் வாறதா? நாளைக்கா?

எனக்கு வேல இரிக்கி ஐயா. நளீர்ட வேன் வரும். அவருக்கு வெங்காயம் ஏத்தணும், சும்மா நிக்க மாட்டார். நீங்க போய்ட்டு வாங்க. இல்ல, மகன் மேல பாசம் இல்லாம இல்ல. என்ன கத இது.

போட்டோவுல ரெண்டு பேர் இரிக்கிறாங்களா? காட்டுங்க. பொறுங்க, கண்ணாடியப் போட்டுக்கிறன். ம். கம்பி வேலி. அதுக்குப் பின்னால பொடியன்மார் நிக்கிறாங்க. இவன் யதுர்சன் எண்டு சொல்றீங்க. ஓம், நிக்கிற சாயல் இரிக்கி. பக்கத்துல இவன் ஸுஹைப்பா? தாடியப் பார்த்தா? தாடி வெச்சவன் எல்லாம் என்ட மகன் எண்டா, கல்பிட்டியில பாதி என்ட ஊட்டுலதான் ஐயா சோறு தின்னணும். இது யாராவும் இரிக்கலாம். மொகமே விழல்லயே. பெரிசாக்கிப் பார்த்தா கட்டம் கட்டமாத்தான் தெரியிது.

மக்டலின் அக்காவத் தெரியும்தானே? அவங்கட புருசனும் அதே போட்லதான். அவங்க இந்த நீர்கொழும்பு ஆள்ட்ட மூணு தரம் போனாங்க. மொதல்ல இந்தோனேசியா எண்டான். ரெண்டாவது தரம் ஏதோ ஒரு தீவு. மூணாவது தரம் ஆபிரிக்காவுல ஒரு ஜெயில் எண்டான். ஒரே மனிசன் எத்தின நாட்டுல ஐயா ஜெயில்ல இரிப்பான்? அவங்களும் இப்பிடித்தான் போட்டோ வெச்சிரிந்தாங்க. தொப்பி போட்ட ஒருத்தன். வெள்ளிக்கெழம வந்து காட்டி, பாஸ், இது அவர்தானே, இது அவர்தானே எண்டு கேட்டாங்க. நான் ஓம் எண்டன். என்ன சொல்ற? ஓம் எண்டு சொல்லி அனுப்பினன். அந்தப் பாவமும் எனக்குத்தான்.

ஒங்களுக்கும் ஓம் எண்டு சொல்லலாம் ஐயா. லேசு. ஆனா நீங்க ஏலாத அக்காவத் தூக்கி ஏத்திக்கொண்டு போகப் போறீங்க. போய்ட்டு வந்தா, அடுத்த மாசம் இன்னொரு போட்டோ வரும். பொறகு இன்னொண்டு.

நம்பிக்க இல்லயா எண்டு கேட்கிறீங்க. பள்ளியில எனக்கிட்டக் கேட்டாங்க. மையத்து, அந்த ஒடம்பு கெடைக்காட்டியும் தொழுவிக்க ஏலும், காயிப் ஜனாஸா எண்டு சொல்ற, தூரத்துல மௌத்தானவங்களுக்கு. ஒரு வருசம் பார்த்திட்டுக் கேட்டாங்க, ஸுஹைப்புக்குத் தொழுவிப்பமா பாஸ் எண்டு. நான் வாணாம் எண்டன். எல்லாரும் நெனச்சாங்க, வாப்பாட மனசு விடுதில்ல எண்டு. அப்பிடி இல்ல ஐயா. நான் ஏற்கெனவே தொழுதிட்டன். அவங்க போன ரெண்டாம் மாசம், இந்தக் கராஜுக்குள்ள, கதவச் சாத்திப்போட்டு, தனிய. அவனுக்கு மட்டுமில்ல. போட்ல போன பதினோரு பேருக்கும். எங்கட மார்க்கத்துல ஒங்கட மகனுக்கு அப்பிடித் தொழலாமா எண்டு ஒரு பள்ளி ஹஸரத்திட்டயும் நான் கேட்கல்ல.

ஏன் எழும்பிறீங்க? இரிங்க. கோபம் வந்தா ஏசுங்க, இரிந்து ஏசுங்க.

அவங்க இல்ல எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் எண்டா கேட்கிறீங்க? ம்.

தெரியும் ஐயா. எனக்கு ஒரு கோல் வந்திச்சி. ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. நேவி விசாரிக்க வந்த நேரமும் சொல்லல்ல. அவங்க போன மூணாம் நாள், பகல். நான் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழு செஞ்சிகொண்டு நிண்டன். நீட்டு நம்பர் ஒண்டு. கடல்ல இரிந்து எடுக்கிற அந்தப் பெரிய போன், போட்காரன் நஜாத் வெச்சிரிந்தான். ஸுஹைப் கதைச்சான். சலாம் கூடச் சொல்லல்ல. வாப்பா, எஞ்சின் நிண்டிட்டு, சூட்டுல ஸ்டார்ட் ஆகுதில்ல, என்ன செய்ற எண்டு கேட்டான். மூணு நாளைக்கி முந்தி எனக்குச் சொல்லாமப் போனவன், வேற ஒண்டும் கதைக்கல்ல. அதத்தான் கேட்டான்.

ஒங்கட மகன்ட கொரலும் கேட்டிச்சி. பின்னால நிண்டு சத்தம் போட்டான். பாஸிட்டக் கேளு, பாஸிட்டக் கேளு, பாஸுக்குத் தெரியும் எண்டு.

ஓம் ஐயா. அது யதுர்சன்தான். அந்தக் கொரல் எனக்கு மாறுமா.

நான் சொன்னன், சீலய நனச்சிப் பம்புக்கு மேல போடு. ஆறினாப் புடிக்கும். புடிச்ச ஒடன திருப்புங்க, நிப்பாட்டாமக் கரைக்கி வாங்க எண்டு. சீலய நனைக்கச் சொன்னது கேட்டிச்சி, சரி வாப்பா எண்டான். திருப்பச் சொன்னது கேட்டிச்சா இல்லயா எண்டு எனக்குத் தெரியா. கோல் கட்டாயிட்டு. எஞ்சின் புடிச்சிரிக்கும். அது தெரிஞ்ச வேல, கட்டாயம் புடிச்சிரிக்கும். புடிச்சா நஜாத் எந்தப் பக்கம் போயிரிப்பான்? மூணு நாள் ஓடிப் போனவன் திரும்புவானா? இன்னும் அங்கால போயிரிப்பான். அங்கால போய் நிண்டிரிக்கும். பொறகு சீல போட்டும் புடிக்காத ஒரு எடம் வரும். அந்த எடத்துல ஒரு மீன்புடி போட்டும் வரா. அந்த மாசம் கடல் எப்பிடி இரிந்திச்சி எண்டு ஒங்களுக்குத் தெரியும்.

ஒடன நேவிக்கிச் சொல்லியிரிக்கலாம். நானும் எந்த நாளும் அதத்தான் நெனக்கிறன். சொல்லல்ல. ரெண்டு நாள் பார்ப்பம், திரும்பி வந்திருவாங்க எண்டு நெனச்சன். பொறகு இன்னொரு நாள். பொறகு, ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல எண்டு கேட்பாங்களே எண்டு பயம். கேட்டா அடுத்த கேள்வியும் கேட்பாங்க.

நீங்களும் இப்ப அதத்தான் கேட்கிறீங்க. மெய்தான். பம்ப் செஞ்சிதான் போனாங்க, பின்ன எப்பிடி நிண்ட?

செஞ்சதுதான். போறதுக்கு முந்தின கெழம செஞ்ச. அந்தப் போட்ல இரிந்தது வேன் எஞ்சின் ஐயா, ஒங்கட காருட அதே ஜாதி. பழைய வேன் ஒண்டுல இரிந்து எடுத்துப் பூட்டியிரிந்தாங்க. ரோட்டரி பம்ப். இந்தக் கரையில அதுக்கு யாரிட்ட வருவாங்க? நஜாத் பம்பக் கழட்டி சாக்குல சுத்திக்கொண்டு என்னட்டத்தான் வந்தான். தூரம் போற வேல பாஸ், நல்லாச் செஞ்சி தாங்க எண்டான். எங்க எண்டு நான் கேட்கல்ல. ஸுஹைப் ரெண்டு கெழமையாக் கண்ணக் கண்டு கதைக்கல்ல. பாஸ்போட் போட்டோவ அலுமாரிக்குள்ள கண்டன். கெஞ்சியும் பார்த்திட்டன், ஏசியும் பார்த்திட்டன். கேட்கிற புள்ள இல்ல.

அந்தப் பம்புட பிளஞ்சர் தேஞ்சி போயிரிந்திச்சி. தேஞ்ச பிளஞ்சர் குளுருல நல்லாப் புடிக்கும், ஓடக்குள்ள ஒண்டும் தெரியா. சூடாகின பொறகு நிப்பாட்டினா, மறுகாப் புடிக்கா. நான் அதயே துடைச்சி, அதயே பூட்டிக் குடுத்தன். தெரிஞ்சிதான் ஐயா. நாலு அஞ்சி மணித்தியாலம் ஓடுவாங்க, நேவிட வெளிச்சத்தக் கண்டாவது ஒரு எடத்துல எஞ்சின நிப்பாட்டுவாங்க, அதோட நிண்டிரும். கரை தெரியிற தூரம். மீன்புடிக்கிற போட் ஒண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விடும். எனக்கு ஏசிக்கொண்டு மகன் ஊட்ட வருவான். ஒரு மாசம் கதைக்க மாட்டான். பரவாயில்ல, ஊட்டுல இரிப்பான். இவ்வளவுதான் நான் நெனச்ச. மத்தப் பத்துப் பேரையும் நான் நெனக்கவே இல்ல.

நஜாத் நிப்பாட்டல்ல. மூணு நாளும் நிப்பாட்டாம ஓடியிரிக்கான். நல்ல ஓட்டி.

புதுப் பிளஞ்சர் ஒண்டும் அந்த நேரம் என்னட்ட இரிந்திச்சி ஐயா. அலுமாரியில, எண்ணச் சீலையில சுத்தி. அண்டைக்கி அத நான் எடுக்கல்ல. இந்த மூணு வருசமும் மாசத்துக்கு ஒருக்கா எடுத்து, துடைச்சி, எண்ண பூசி, மறுபடி சுத்தி வெப்பன், கறள் புடிக்காம. ஒங்கட பம்புட பிளஞ்சரக் கறள் தின்னிட்டு. நேத்து அந்தப் புதுசத்தான் எடுத்து ஒங்கட கார்ல போட்டன்.

இந்தாங்க காருட தொறப்பு. நுரைச்சோலை தாண்டுற வரைக்கும் மெதுவாப் போங்க. நீர்கொழும்புக்குப் போறதெண்டாலும் போங்க, பொலிசுக்குப் போறதெண்டாலும் போங்க. நான் இங்கதான் இரிப்பன். கார் வழியில நிக்கா.